பழைய டப்பாவுக்குப் புது வாஷர்

அந்த வீட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எதிரெதிராகப் போட்ட இரண்டு மேசைகள். இரண்டிலும் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாக்களை அடுக்கியிருந்தார்கள். இடது பக்கத்து டப்பாக்கள் கப்பலில் வந்தவை. வலது பக்கத்து டப்பாக்கள், அதே தெருமுனையில் பஸ் ஏறினால் சீட்டுக் கிடைப்பதற்குள் இறங்கிவிடக்கூடிய தூரத்தில் இருந்த தொழிற்சாலையில் செய்தவை. வலது மேசைக்குப் பின்னால் நின்று டப்பாவைத் திறந்து மூடிக் காட்டி விற்பவளைக் கடையில் எல்லோரும் டப்பாக்கா என்றே கூப்பிட்டார்கள். இடது மேசைக்குப் பின்னால் நின்றவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை.

இருவரும் ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடுமாகக் குடியிருந்தார்கள். காலையில் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் இப்படி எதிரும் புதிருமாக நிற்கிறீர்களே என்று யாராவது கேட்டால் நாத்தனார்தான் பதில் சொல்வாள். “பஸ்ஸை விட்டு இறங்கற வரைக்கும் உறவு. இறங்கிட்டா வியாபாரம்.”

வியாபாரம் என்று பார்த்தால் அந்த வருடம் முழுக்க நாத்தனார் பக்கம்தான் காற்று அடித்தது. அவளுடைய டப்பா பாதி விலை. பளபளப்பு கூட. மூடி நான்கு நிறங்களில் வந்தது. இரண்டு மேசையிலும் காட்டும் வித்தை ஒன்றுதான்: சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, மூடியை அழுத்தி, வெள்ளைக் கைக்குட்டைக்கு மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவார்கள். எந்த டப்பாவும் கொட்டாது. கொட்டாததுதான் டப்பாக்காவுக்குத் தலைவலி. புது மாப்பிள்ளையும் புது டப்பாவும் ஒன்று, முதல் மாதத்தில் குறை தெரியாது.

“ரெண்டும்தான் கொட்டல. அப்புறம் இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?” என்று ஒருவர் கேட்பார்.

“இந்த விலைக்கு அங்க ரெண்டு வாங்கிடலாங்க,” என்பாள் அவருடைய மனைவி.

“இதுவும் வெளிநாட்டுச் சரக்குதானே, பேரைப் பாரு,” என்று சொல்லிவிட்டு இருவரும் இடது பக்கம் திரும்பிவிடுவார்கள்.

அந்தப் பேர்தான் பெரிய கொடுமை. டப்பாக்காவின் தொழிற்சாலைக்குத் தூக்கணாங்குருவி மார்க் என்று ஒரு பழைய முத்திரை உண்டு. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் கூட்டில் தொங்கும் ஒரு குருவியை அச்சடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். கப்பல் டப்பா வந்து விற்பனை சரிந்ததும் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. சனங்களுக்கு வெளிநாட்டு மோகம், நாமும் வெளிநாட்டு வேஷம் போடுவோம் என்று குருவியை எடுத்துவிட்டார். எந்த மொழியிலும் எந்த அர்த்தமும் இல்லாத, சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒட்டினார். டப்பாக்காவுக்கும் உத்தரவு வந்தது: “எங்க செஞ்சதுன்னு கேட்டா மட்டும் சொல்லு. கேக்காதவங்ககிட்ட வாயத் திறக்காத.”

பெற்ற பிள்ளையை எதிர்வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குக் காட்டுகிற பிழைப்பாகிவிட்டது அவளுக்கு. அதிலும் என்ன லாபம்? சனங்கள் அந்த வேஷத்தை நம்பினார்கள். நம்பியதால், கப்பலில் வந்த இரண்டு டப்பாக்களில் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியபோது ஒரு காலை மேனேஜர் இரண்டு மேசைக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட சேதியைச் சொல்லும்போது மட்டும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொள்வார். அன்றும் சரிசெய்தார்.

“வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய கூட்டம் வரும். அன்னிக்கு எது கூட விக்குதோ அதுக்குத்தான் இனிமே இந்த வாசல். இன்னொன்னு கடையிலேயே வேணாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. மாடிக்குக் கூட இல்ல.”

டப்பாக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய சம்பளம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்த டப்பாவை நின்று காட்டி விற்கிற கடை இது ஒன்றுதான். டப்பா வெளியே போனால் டப்பாக்காவும் வெளியே.

“கவலைப்படாதீங்க அண்ணி,” என்றாள் நாத்தனார் எதிர்ப்பக்கத்திலிருந்து. “வீட்டுல உக்காந்து எனக்கும் சேத்துச் சமைச்சு வைங்க. டப்பா நான் குடுக்கறேன்.”

“உன் டப்பாவுலயா? அப்ப சாறு வேணாம், காஞ்சதா ஏதாவது செஞ்சு வைக்கிறேன்.”

நாத்தனார் சிரித்துவிட்டாள். அவள் வாய்க்கு ஈடுகொடுக்க அந்தக் கடையில் அண்ணி ஒருத்தியால்தான் முடியும்.

அன்று மதியம் ஒரு நர்ஸம்மா வந்தாள். வேலைக்குப் போகிற வழி போலிருக்கிறது, வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். புது டப்பாக்களை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் பைக்குள்ளிருந்து ஒரு பழைய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பளபளப்பெல்லாம் போய், இரண்டு மூன்று இடத்தில் நெளிந்து, ஆனாலும் ஆள் திடமாக இருந்தது.

“இதே அளவுல ஒன்னு வேணும்மா. இது மூடி லூசாயிடுச்சு. பையெல்லாம் சாறு. வார்டுக்குள்ள நுழைஞ்சா நோயாளிங்க மருந்து கேக்கறதுக்குப் பதிலா இன்னிக்கு என்ன சமையல்னு கேக்கறாங்க.”

டப்பாக்கா அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் குருவி தொங்கிக்கொண்டிருந்தது.

“நல்ல டப்பாம்மா அது,” என்றாள் நர்ஸம்மா. “என்ன செய்ய, அந்தக் கம்பெனியத்தான் மூடிட்டாங்களாமே.”

மூடிவிட்டார்களாம். உயிரோடு இருப்பவனிடம் வந்து துக்கம் விசாரித்தது போல இருந்தது டப்பாக்காவுக்கு. ‘அந்தக் கம்பெனி டப்பாதான்மா இது, வாங்கிக்கோங்க’ என்று புதியதை நீட்டியிருந்தால் ஒரு விற்பனை ஆகியிருக்கும். அவள் அதைச் செய்யவில்லை. வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருந்த டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்தாள். பழைய மூடியின் காய்ந்துபோன வாஷரைப் பிய்த்துப் போட்டுவிட்டு இதை வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும்? பெயரை மாற்றிய முதலாளிக்கு மூடி அச்சை மாற்றக் கை வரவில்லை. புது அச்சு என்றால் செலவு. குருவி போனாலும் குருவியின் மூடி அளவு அப்படியேதான் இருந்தது.

தண்ணீர் ஊற்றி மூடிக் கொடுத்தாள். நர்ஸம்மா கைக்குட்டையெல்லாம் கேட்கவில்லை. தன் வெள்ளைக் கோட்டை மேசைமேல் விரித்து அதன் மேலேயே டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினாள். கோட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

“எவ்வளவும்மா?”

“ஒன்னும் வேணாம். போயிட்டு வாங்க.”

நர்ஸம்மா போனாள். மேனேஜர் வந்தார்.

“வாங்க வந்தவங்கள வாங்க விடாம அனுப்பி வச்சிருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு வியாபாரம்.”

“எங்க அண்ணிக்குத் தர்ம சிந்தனை சார்,” என்றாள் நாத்தனார். “பின்னால ஒரு உண்டியல் வச்சிடலாம்.”

டப்பாக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. மூடிட்டாங்களாமே என்ற ஒரு வார்த்தை மட்டும் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அன்று மீதிப் பொழுது முழுக்க, மேசைப் பக்கம் வந்த ஒருவரிடமும் புது டப்பாவைப் பற்றி அவள் பேசவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்: வீட்டில் அடியில் குருவி போட்ட டப்பா இருக்கிறதா?

இருந்தது. பரணில் இருந்தது. ஆணியும் திருகும் போட்டு வைத்திருந்தது. பொத்தான் போட்டு வைத்திருந்தது. ஒருவர் வீட்டில் அதில் பல்செட் இருந்தது. ஏன் சாப்பாடு கொண்டுபோவதில்லை என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மூடி லூசு. டப்பா ஒன்றும் சாகவில்லை. வாஷர்தான் செத்திருந்தது.

மறுநாள் விடியும்போது வீட்டில் அடுப்படியில் நின்றபடி கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் அதே தொழிற்சாலையில் மூடிப் பிரிவில் வேலை பார்த்தான். பேச்சு குறைவு, கேட்பது அதிகம்.

“வாஷர் ஸ்டாக் இருக்குதாங்க?”

“மூட்டை மூட்டையா கெடக்கு. டப்பா போனாத்தானே வாஷர் போகும்.”

“ஒரு மூட்டை எனக்கு வேணும்.”

“முதலாளிகிட்ட கேளு. நான் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு, எனக்குச் சொல்லத் தெரியாது. நீ கேட்டா எதுக்குக் கேட்டோம்னு அவரே மறந்துடுவாரு.”

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கொஞ்சம் சர்க்கரை கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பாதிப் பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது. சர்க்கரையை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

“அண்ணி, நம்ம ஊரு நம்ம சாமான்னு கிளம்பிட்டீங்க போலிருக்கு. அந்தக் கடிகாரம் எந்த ஊரு?”

டப்பாக்கா திரும்பிப் பார்த்தாள். கடிகாரம் கப்பலில் வந்தது. அதற்குக் கீழே இருந்த கைவிளக்கும் கப்பல். கணவன் காலில் இருந்த செருப்பும் கப்பல்.

“அது எந்த ஊரா இருந்தா என்ன? நின்னா தூக்கிப் போட்டுட்டு இன்னொன்னு வாங்கிக்குவேன்,” என்றாள். “கடிகாரம் நின்னா மணி தெரியாது, அவ்வளவுதான். மத்தியானம் டப்பா கொட்டினா அன்னிக்கு ஒருத்தருக்குச் சோறு இல்ல. எதை எங்க வாங்கணும்னு எனக்குத் தெரியும்டி.”

“அப்ப தேசபக்தி இல்லையா?”

“டப்பாவுக்குள்ள சோத்தப் போடலாம். தேசபக்தியப் போட்டா மத்தியானம் யாருக்குப் பசி தீரும்?”

கணவன் டப்பாவை மூடும் சாக்கில் தலையைக் குனிந்து சிரித்தான்.

வேலைக்குப் போகுமுன் அவள் தொழிற்சாலையில் இறங்கினாள். முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

“பழசுக்கெல்லாம் வாஷர் போட்டு விட்டா புதுச யாரும்மா வாங்குவா? என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

“இப்ப மட்டும் யாருங்கய்யா வாங்கறாங்க?”

ஜன்னலுக்கு வெளியே அனுப்பாமல் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் அவருக்கும் தெரிந்தன.

“சரி, வேணும்னா ஒன்னு செய்யலாம். நம் நாட்டுப் பொருளையே வாங்குவீர்னு பெருசா ஒரு போர்டு எழுதி வச்சிடலாம்.”

“வேணாங்கய்யா. பாவம் பாத்து யாரும் டப்பா வாங்க வேணாம். கப்பல் டப்பாவையும் நான் திட்ட மாட்டேன். நல்ல டப்பாதான், விக்கறது வேற என் நாத்தனார். ஆனா அடுத்த வருஷம் மூடி லூசானா கப்பல் திரும்பி வராது. நாம இங்கயேதான் இருக்கோம். நாம விக்க வேண்டியது அதைத்தான். அதையே மறைச்சு வச்சுட்டு வித்தா எப்படி விக்கும்?”

முதலாளி கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை.

“பேரைப் பத்திக் கேட்டா?”

“உண்மையச் சொல்லுவேன்.”

“சொல்லிக்கோ,” என்றார், கசப்பு மருந்தை விழுங்கினவர் போல. “ஒரு மூட்டைதான். திரும்பி வந்து கேக்கக் கூடாது.”

மேனேஜரைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இருந்தது. பழைய டப்பாவோடு வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்களா, மாடிக்கும் ஏறித்தானே பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவர் கழுத்துப்பட்டையைத் தொடாமலே தலையாட்டினார். ஓர் அட்டையில் அவளே தன் கையால் எழுதி மேசை முன்னால் தொங்கவிட்டாள்: ‘தூக்கணாங்குருவி டப்பா உங்கள் வீட்டில் இருக்கிறதா? கொண்டு வாருங்கள். எத்தனை வருடப் பழசானாலும் புது வாஷர் போட்டுத் தருகிறோம். காசு வேண்டாம்.’ நர்ஸம்மா மறுபடி அந்த வழியாகப் போனபோது அவளைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் நாலு பேரிடம் சொல்லச் சொன்னாள்.

“நாலு பேருகிட்டயா? நான் வாயத் திறந்தா நாலு வார்டுக்குக் கேக்கும்,” என்றாள் நர்ஸம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்தது. கூட்டம் வந்தது. வந்த கூட்டம் நேரே இடது மேசைக்குப் போனது. நாத்தனாரின் கை ஓயாமல் டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. டப்பாக்கா வாஷர் மூட்டையின் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். அட்டையைப் படித்த ஒருவர், “நல்ல காரியம்மா,” என்று சொல்லிவிட்டு நீல மூடி டப்பா ஒன்றை எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டு போனார்.

“என்ன அண்ணி, குருவியெல்லாம் பறந்துடுச்சா?”

“இரைக்குப் போயிருக்கும். நீ உன் வேலையப் பாரு.”

சொல்லிவிட்டு வாசலையே பார்த்தாள். அப்போதுதான் வாசலில் நர்ஸம்மா தெரிந்தாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. அதை மேசைமேல் கவிழ்த்ததும் கடகடவென்று டப்பாக்கள் உருண்டன. எல்லாம் குருவி. “ராத்திரி டூட்டி ஆளுங்களுது. தூங்கப் போயிட்டாங்க, நான் அள்ளிட்டு வந்துட்டேன். கலந்துடாதம்மா, ஒவ்வொன்னும் ஒவ்வொரு மாதிரி நெளிஞ்சிருக்கும், அதுதான் அடையாளம்.”

அந்தச் சத்தத்துக்கே பாதிக் கடை திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மாவின் பின்னால் ஆஸ்பத்திரிச் சமையற்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கொத்தனார், தையற்காரி ஒருத்தி, தபால்காரர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா. பெயரை ஆணியால் கீறிய டப்பா. பிடி உடைந்து கம்பி கட்டிய டப்பா. கொத்தனாருடையதில் சிமெண்டு உறைந்து கிடந்தது, அதைச் சுரண்டிவிட்டு மூடினாலும் வாஷர் ஒழுங்காக உட்கார்ந்தது. வரிசை மேசையிலிருந்து வாசலுக்குப் போனது, வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கியது. என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலே சிலர் வந்து கடைசியில் நின்றுகொண்டார்கள்.

வரிசை என்றால் வாய் சும்மா இருக்குமா? டப்பாக்கா பேச வேண்டியதையெல்லாம் வரிசையே பேசியது.

“எங்க மாமியார் குடுத்ததுல இது ஒன்னுதாங்க இன்னும் உருப்படியா இருக்கு,” என்றாள் தையற்காரி.

“உங்க வீட்டுக்காரரையும் சேத்தா சொல்றீங்க?” என்றார் தபால்காரர்.

“அவருக்கு வாஷர் போட இங்க ஆள் இருக்கான்னு கேக்கத்தான் நிக்கறேன்.”

வரிசை குலுங்கிச் சிரித்தது. கொத்தனார் தன் டப்பா மாடியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். சமையற்காரர் தன் டப்பாவின்மேல் வண்டி ஏறிய கதையைச் சொன்னார். ஒன்றை ஒன்று மிஞ்சிய இந்தக் கதைகளை, இடது மேசையில் விலை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். இரண்டொருவர் கையிலிருந்த நீல மூடியைக் கீழே வைத்தார்கள்.

வரிசையில் ஒரு லாரி டிரைவரின் முறை வந்தது. அவர் நீட்டிய டப்பாவின் மூடி சிவப்பு. போன வருடம் எதிர்மேசையில் வாங்கியது.

“இதுக்கும் ஒன்னு போட்டுடுங்கக்கா. ரோடு குலுக்கற குலுக்கல்ல பாதிச் சாப்பாடு சீட்டுக்குத்தான்.”

டப்பாக்கா வாஷரை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்தது. மறுபடியும் முயன்றாள். அளவு வேறு. “இதுக்குச் சேரலைங்க. எதிர்ல கேளுங்க, அவங்ககிட்ட இருந்தா போட்டுத் தருவாங்க.” மனசில் எதுவும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள்.

நாத்தனார் பெட்டி பெட்டியாகத் தேடினாள். டப்பா இருந்தது, மூடி இருந்தது, தனி வாஷர் என்று ஒன்று இல்லை. தன் கம்பெனிக்குப் போன் போட்டாள். அவள் பேசியது மட்டும்தான் இவர்களுக்குக் கேட்டது. “வாஷர் சார்… இல்ல, டப்பா இல்ல, வாஷர் மட்டும்… ஓ. சரிங்க.” போனை வைத்துவிட்டு டிரைவரைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கும் வரவில்லை.

“வாஷர் தனியா வராதாம். புதுசு வாங்கிக்கச் சொல்றாங்க.”

“புதுசு வாங்கி? அடுத்த வருஷம் மறுபடியும் புதுசா?” டிரைவர் கோபப்படவில்லை. கணக்குப் போட்டவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டார். “அப்ப அது விலை குறைவே இல்லியேம்மா. வாடகைதானே.”

தெருவில் நின்ற கடைசி ஆள்வரை அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது.

“அக்கா, உங்களது ஒன்னு குடுங்க,” என்று டிரைவர் திரும்பினார். டப்பாக்கா எடுத்துக் கொடுத்தாள். அவர் முதல் வேலையாக அதைக் கவிழ்த்தார். அடிப்பாகம் மொட்டையாக இருந்தது. “குருவி எங்க?”

டப்பாக்கா பழைய டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “இதுவும் அதே கம்பெனிதாங்க. அதே மூடி. குருவிய மட்டும் எடுத்துட்டாங்க.”

“ஏன்?”

“வெளிநாட்டுச் சாமான் மாதிரி இருந்தா வாங்குவாங்கன்னு.”

டிரைவர் ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். “நான் நம்பறேங்க. ஆனா நாளைக்கு நீங்க இல்லாத நேரத்துல வந்து வாஷர் கேட்டா, இது எங்களதே இல்லன்னு சொல்லிட்டா? குருவி இருந்தாத்தானே நான் மல்லுக்கு நிக்க முடியும்?”

“அதானே,” என்றாள் தையற்காரி. “குருவி இருந்தா நானும் ஒன்னு வாங்கிக்குவேன்.”

“எனக்கு ரெண்டு,” என்றார் சமையற்காரர்.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைகிற கதையாக இருந்தது. வாங்குவதற்கு ஆள் வரிசையில் நிற்கிறது. விற்பதற்கு டப்பா இருக்கிறது. நடுவில் ஒரு குருவி இல்லை. டப்பாக்கா ஒரு கையால் அடுத்த ஆளின் மூடியை வாங்கியபடியே மறு கையால் கணவனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, குருவி அச்சு இன்னும் இருக்கா?”

“இருக்கு. கம்பெனி அலமாரியில எண்ணெய் தடவி வச்சிருக்கேன்.”

“யாரு தடவச் சொன்னா?”

“யாரும் சொல்லல. துருப் பிடிச்சா மனசு கேக்கல.”

“எடுத்துக்கிட்டு இங்க வாங்க. சுத்தியல், அடிக்கட்டை எல்லாம். முதலாளிகிட்ட சாவி வாங்கும்போது என்ன விஷயம்னு சொல்லிடுங்க. சொல்லத் தெரியலைன்னா போன அவருகிட்ட குடுங்க.”

அவர்கள் வந்து சேரும்வரை வரிசை கலைந்துவிடாமல் பார்க்க வேண்டும். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு மூடியையும் துடைத்தாள், பழைய வாஷரின் பிசிறைச் சுரண்டினாள், இரண்டு தடவை குலுக்கிக் காட்டினாள். கொத்தனாரை அவருடைய மாடிக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். இரண்டாம் முறை மாடி இன்னும் ஒரு தளம் உயர்ந்திருந்தது.

கணவன் மட்டும் வரவில்லை. கூடவே முதலாளியும் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, சவரம் கூடச் செய்யாமல். வாசலில் வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அத்தனை கையிலும் அத்தனை குருவி. தன் தொழிற்சாலை செய்ததெல்லாம் எங்கே போயிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

டிரைவர் டப்பாவை நீட்டினார். “அடிச்சுக் குடுங்கய்யா.”

முதலாளி நகத்தால் ஸ்டிக்கரைக் கீறி உரித்தெடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கணவன் இரும்புக் கட்டையை மேசைமேல் நிறுத்தி, டப்பாவை அதன்மேல் கவிழ்த்து, அச்சை நடுவில் வைத்துச் சுத்தியலை முதலாளியிடம் கொடுத்தான். டங் என்று ஓர் அடி. அச்சை எடுத்தால் அடியில் குருவி. கொஞ்சம் சாய்ந்திருந்தது.

“சாஞ்சிடுச்சு,” என்றார் முதலாளி. “வேற ஒன்னுல அடிச்சுத் தரேன்.”

“வேணாங்க. சாஞ்சதே இருக்கட்டும். எங்க ஆளுங்க மத்தியில டப்பா மாறிப் போனா கண்டுபிடிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு டிரைவர் பணம் கட்டப் போனார்.

அதற்குப் பிறகு கடைக்குள் பேச்சுக் குரல் கேட்கவில்லை. டங், டங் என்ற சத்தம்தான். மாடியில் தட்டு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். மேனேஜரும் இறங்கி ஓடி வந்தார்.

“என்ன இது கடையா, பட்டறையா?”

“பணம் கட்டற இடத்தப் போய்ப் பாருங்க சார்,” என்றாள் டப்பாக்கா. போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது ஸ்டோர் ரூமில் மிச்சமிருந்த அட்டைப்பெட்டி ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

எதிர்மேசையில் விற்பனை நின்றுவிடவில்லை. பாதி விலை என்றால் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் எங்கும் உண்டு, அவர்கள் கையில் அன்று அவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனால் அங்கே வந்தவர்களும், “இதுக்கு வாஷர் கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். இதுவரை யாரும் நாத்தனாரிடம் கேட்காத கேள்வி அது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் தன் மேசையை விட்டு இந்தப் பக்கம் வந்து நின்றாள். முதலாளி ஸ்டிக்கர் உரிக்கிற வேகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“குடுங்கய்யா இப்படி. வாழைப்பழம் உரிக்கிற மாதிரி உரிச்சிட்டு இருக்கீங்க.”

நாத்தனாரின் நீண்ட நகங்களுக்கு முன்னால் அந்த ஸ்டிக்கர்கள் நிற்கவில்லை. அவள் உரித்தாள், முதலாளி அடித்தார், கணவன் பிடித்தான், டப்பாக்கா கொடுத்தாள். மேசைமேல் இருந்தது தீர்ந்தது. ஸ்டோர் ரூமில் இருந்தது தீர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்ததும் பொழுது சாயுமுன் தீர்ந்து, காலிப் பெட்டிகள்தான் மிச்சமிருந்தன. வாஷர் மூட்டையும் காலி. முதலாளி அதைத் தூக்கி உதறிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கேட்கக் கூடாது என்று சொன்ன அதே வாயால், “நாளைக்கு எத்தனை மூட்டைம்மா அனுப்பட்டும்?” என்றார்.

கூட்டம் வடிந்ததும் மேனேஜர் வந்தார். இந்த முறை கழுத்துப்பட்டையைக் கழற்றியே விட்டிருந்தார்.

“சொன்னபடிதான் டப்பாக்கா. நாளையிலேர்ந்து வாசல் உங்களுது. எதிர் மேசைய எடுத்துடச் சொல்றேன். நடுவுல போட்டுக்கோங்க.”

நாத்தனார் நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எடுக்க வேணாம் சார்,” என்றாள் டப்பாக்கா.

“ஏன்?”

“ரெண்டையும் கையில வாங்கிப் பாத்து, ரெண்டு விலையும் கேட்டுட்டு, அப்புறம் சனங்க என் பக்கம் வரணும். ஒத்தை மேசையில வித்தா அது விக்கறது ஆகுமா? நீங்க மேலிடத்துல பேசுங்க. இன்னிக்கு வந்த கூட்டத்தச் சொன்னா கேப்பாங்க.”

மேனேஜர் யோசித்துப் பார்த்துவிட்டு, பேசிப் பார்க்கிறேன் என்று மாடி ஏறினார். போகிற நடையிலேயே பேசி ஜெயித்துவிடுவார் என்று தெரிந்தது.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். “என்ன அண்ணி, பாவம் பாக்கறீங்களா?”

“பாவமா?” டப்பாக்கா வெறும் மேசையைத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். “நாளைக்கும் உன்னை ஜெயிக்க வேணாமா? அதுக்குத்தான். காலையில பஸ்ஸுக்கு லேட் பண்ணாம வந்து சேரு.”